அணைத்தாராம்

அந்த மருந்துக் கிடங்கின் அலுவலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் அது அரைகுறைதான் என்பது டைப்பிஸ்ட் அக்காவின் கணிப்பு.

அவரை எல்லோரும் மொஸ்யே என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். கிண்டலுக்கு வைத்த பெயர் அது. அவருக்கு அது கிண்டல் என்று உறைக்கவே இல்லை, பட்டம் கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆறு வாரம் எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்தவர். வியர்த்து ஊற்றும் மதியத்திலும் கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றியிருப்பார். யாராவது ஸ்டேப்ளர் கேட்டால்கூட 'இதோ' என்பதற்கு 'வ்வாலா' என்று சொல்லித்தான் நீட்டுவார். கம்பெனியின் தாய் நிறுவனம் பிரெஞ்சு பேசும் நாட்டில் இருந்தது. அங்கிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வரும். அவற்றைத் தமிழாக்கிக் கொடுப்பதற்காக அவருக்குத் தனி அறை, தனி மின்விசிறி, மேசைமேல் செங்கல் கனத்தில் ஓர் அகராதி. வாங்கிய நாளிலிருந்து அந்த அகராதியின் முதுகு ஒரு தடவைகூட வளைந்ததில்லை.

அவர் எழுதித் தரும் தமிழை டைப் அடிப்பது அக்காவின் வேலை. நாற்பத்து நாலு வயது, பத்தொன்பது வருஷ சர்வீஸ். 'தங்கள் மூக்கின் அடியில் பெட்டிகள் வந்துசேரும்' என்றெல்லாம் அவர் எழுதியதை வாயைத் திறக்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு மோசமானவர்களாக இருந்தாலும் இத்தனை அசட்டுத்தனமாக எழுத முடியாது. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று யாரிடமும் சொல்லாமல் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அதோடு மூன்று வருஷம் ஆகிறது.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறையில் நடந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேசையில் இடிக்கும். ஆசிரியைக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். பொறுமை என்ற ஒன்றைக் கடவுள் அவளுக்குக் கொடுக்க மறந்துவிட்டார். இரண்டாம் நிலைப் பரீட்சையில் அக்கா தோற்றபோது விடைத்தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"இந்த ஒரு பாடத்துல மட்டும் பதினாலு மார்க் போயிருக்கு. 'நான் வந்திருப்பேன்'னு எழுதச் சொன்னா என்ன எழுதியிருக்கீங்க? போறது வர்றதுக்கு 'எத்ர்' துணைவினை. அதைப் போட்டுட்டீங்க, சரி. பொம்பளையா இருந்தா கடைசியில ஒரு எழுத்து கூடும்னு எத்தனை தடவை சொன்னேன்? அது இல்லாம எழுதி நீங்க ஆம்பளை ஆயிட்டீங்க."

வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பாடத்தை உருப்போட ஆரம்பித்தாள். அவ்வளவு பயங்கரமான விஷயம் ஒன்றும் இல்லை அது. துணைவினை ஒன்று வேண்டும். பெரும்பாலும் 'அவுவார்', சில வினைகளுக்கு 'எத்ர்'. அதை '-ப்பேன், -ப்பார்' என்று ஊகமாகச் சொல்லும் உருவத்தில் நிறுத்தி, பின்னால் முடிந்துபோன வினையை ஒட்ட வேண்டும். 'ஓரே' என்று தொடங்கி 'கூப்பே' என்று முடித்தால் 'அணைத்திருப்பார்'. அதற்கு முன்னால் 'ஸி' போட்டு ஒரு நிபந்தனை வரலாம்: இப்படி நடந்திருந்தால், அப்படி ஆகியிருக்கும். நடக்கவில்லை, ஆகவும் இல்லை. அந்த 'ஸி' வாக்கியத்துக்குள் மட்டும் 'ஓரே'யைக் கொண்டுபோய்ச் சொருகக் கூடாது. சொருகினால் ஆசிரியை முகத்தைச் சுளிப்பாள்.

"இதே உருவத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கு," என்று ஒரு நாள் ஆசிரியை சொன்னாள். "பேப்பர்ல, போலீஸ் ரிப்போர்ட்ல எல்லாம் வரும். நாங்க பாக்கல, யாரோ சொன்னாங்க, உண்மையான்னு தெரியாது, அப்படிங்கறதுக்கும் இதையேதான் போடுவாங்க. நடக்காததுக்கும் ஒரே உருவம், நடந்துச்சான்னு தெரியாததுக்கும் ஒரே உருவம். சோம்பேறிப் பசங்க. பக்கத்துல 'ஸி' இருக்கான்னு பார்த்துத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

வீட்டில் இந்தப் படிப்புக்கு இருந்த மரியாதை தனிக்கதை. கணவர் நல்லவர், பஸ் ஓட்டுகிறவர், எதிலும் தலையிட மாட்டார். கொழுந்தன்தான் விடமாட்டான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். முப்பத்தெட்டு வயது வரைக்கும் சின்னவனாகவே இருந்துவிட்டான். ஆள் எடுக்கிறார்கள் என்று அண்ணி வீட்டில் சொல்லித்தான் அதே கிடங்கில் குளிரறை ஆபரேட்டர் வேலை கிடைத்தது. மருந்துக் குப்பிகள் இருக்கும் குளிரறையின் கதவையும் வெப்பமானியையும் பார்த்துக்கொள்கிற வேலை. அதில் சேர்ந்த பிறகு, கிடங்கே தன் தோளில் நிற்பதுபோல அவன் நடை மாறியது.

"இந்த வயசுல பிரெஞ்சு படிச்சு யாருகூட அண்ணி பேசப்போறீங்க?" என்பான், அவள் சுட்டுப் போட்டதைத் தின்றுகொண்டே. "அந்த மொஸ்யே சாருக்கு நீங்க சொல்லிக் கொடுக்கப் போறீங்களா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவனுக்குப் பதில் சொல்வது வாய்க்குத்தான் கேடு.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் குளிரறை சூடாகிப்போனது. எட்டு டிகிரியைத் தாண்டக் கூடாத அறை, சாயங்காலம் பார்த்தபோது பத்தொன்பதில் நின்றது. உள்ளே இருந்த தடுப்பு மருந்து அத்தனையும் பாழ். கதவின் ரப்பர் விளிம்பு, உள்ளே ஓடிய அலாரக் கம்பியோடு, ஏழு மாதமாகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிசின் நாடாவால் ஒட்டி வைத்திருந்தார்கள், அன்று நாடா விட்டுப்போய்க் கதவே திறந்துகொண்டது. ரப்பரை மாற்றித் தரச் சொல்லி மேலாளருக்குப் போன நான்கு கடிதங்களையும் அக்காதான் டைப் அடித்தாள். மேலாளர் நான்கையும் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு ஃபைலில் தூங்க வைத்துவிட்டார். அவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிற ரகம்.

தாய் நிறுவனத்திலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். மூன்று நாள் கதவைத் தடவிப் பார்த்தார்கள், மேலாளரோடு சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். இரண்டு வாரத்தில் அறிக்கை கடிதமாக வந்தது. அன்றே சின்னவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

மொஸ்யே அதன் தமிழாக்கத்தை அக்காவின் மேசைமேல் போட்டார். அவள் அடிக்க ஆரம்பித்தாள். 'கதவு பழுதுபார்க்கப்பட்டிருந்ததால் அலாரம் ஒலித்தது. ஆபரேட்டர் அலாரத்தை அணைத்துவிட்டுத் தன் இடத்தை விட்டு வெளியேறினார்.'

அவள் விரல் நின்றது. கதவு பழுதுபார்க்கப்பட்டிருந்ததா? எந்தக் கதவு?

"சார், பொறியாளர் பேரோட எழுத்து சரியான்னு பாக்கணும். மூலக் கடிதம் கொஞ்சம் கொடுக்கறீங்களா?"

"உங்களுக்கு அதுல என்னக்கா புரியப்போகுது? பேரை மட்டும் பார்த்துட்டுக் கொடுத்துடுங்க," என்று மொஸ்யே கடிதத்தை விசிறி போல ஆட்டி நீட்டினார். "வ்வாலா."

அவள் பெயரைப் பார்த்தாள். அப்படியே கீழேயும் பார்த்தாள். 'ஸி லா போர்த்' என்று தொடங்கியது ஒரு வாக்கியம். கதவு மட்டும் பழுதுபார்க்கப்பட்டிருந்தால் அலாரம் ஒலித்திருக்கும். அதாவது பழுதுபார்க்கவில்லை, ஒலிக்கவும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் 'ஸி' கிடையாது. ஆபரேட்டரைக் குறிக்கும் 'லோபெராத்தேர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இரண்டு 'ஓரே' வரிசையாக நின்றன. இடத்தை விட்டுப் போனாராம். அலாரத்தை அணைத்தாராம். பொறியாளர்கள் பார்க்கவில்லை, யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் அவர்களோடு சாப்பிட்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நகல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வகுப்புக்குப் போனாள். ஆசிரியை ஒரு தடவை படித்தாள். பிறகு தமிழாக்கத்தையும் படித்தாள்.

"இதை எழுதினவரு எந்தக் குப்பையில படிச்சாரு? நடக்காததை நடந்ததா ஆக்கிட்டாரு, வதந்தியைச் சாட்சி ஆக்கிட்டாரு. நீங்க தோத்தப்போகூட இவ்வளவு கேவலமா எழுதல."

மூன்று வருஷத்தில் அக்காவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது சின்னவன் கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். "என்னைத் தூக்கிட்டா அந்தக் கிடங்கு ஒரு வாரம் ஓடாது அண்ணி, பாத்துக்கிட்டே இருங்க," என்றான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவனைத் தூக்கினால்தான் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் தெரு முழுக்கப் பரப்பிவிடுவான்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். மேலாளர் ஒரு பக்கம், மொஸ்யே அவர் பக்கத்தில், எதிரே சின்னவன். மூலையில் தட்டச்சு இயந்திரத்தோடு அக்கா. ஆபரேட்டருக்கு அவள் அண்ணி என்பது ஃபைலில் இருக்கிறது. யார் ஃபைலைப் படித்தார்கள்? டைப் அடிக்கிறவளுக்குக் குடும்பம் இருக்கும் என்றே அந்த அறையில் யாருக்கும் தோன்றியதில்லை.

மொஸ்யே கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டு தமிழாக்கத்தை வாசித்தார். 'அணைத்துவிட்டு' என்ற இடத்தில் குரலை ஏற்றினார்.

"தாய் நிறுவனமே கண்டுபிடிச்சுச் சொல்லிடுச்சு மேடம்," என்றார் மேலாளர். "இதுக்கு மேல என்ன விசாரணை?"

வக்கீல் அம்மா பேனாவைத் திறந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"அம்மா, இது எதையும் நான் டைப் அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தமிழ் தப்பு."

மேலாளர் சிரித்தார். "உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?"

"பரீட்சையில ஒரு தடவை தோத்திருக்கேன் சார். இந்தப் பாடத்துலதான் தோத்தேன். அதனால இது மட்டும் நல்லாத் தெரியும்."

"இந்த ஆபரேட்டர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று வக்கீல் அம்மா கேட்டார். கண்ணுள்ள மனுஷி.

"என் கொழுந்தன். அவன் எப்படிப்பட்டவன்னு என்னைவிட யாருக்கும் தெரியாதும்மா, அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை நல்லதா சொல்லப்போறதில்ல. ஆனா அவன் குணத்துக்கும் இந்த வினைச்சொல்லுக்கும் சம்பந்தம் இல்ல."

சின்னவனுக்கு முகம் தொங்கிப்போனது. அவள் கவலைப்படவில்லை.

"மொஸ்யே சார் அனுபவஸ்தர்," என்றார் மேலாளர். "டைப்பிஸ்ட் பேச்சை எல்லாம்…"

"அவரே சொல்லட்டும் சார். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் மொழிபெயர்த்துக் கொடுத்தா போதும். நான் உட்கார்ந்துடறேன்."

வக்கீல் அம்மா தலையசைத்தார். அக்கா சுவர்ப்பலகைக்குப் போனாள். கடிதத்தில் இருந்த வாக்கியத்தையே எழுதினாள். ஒரு சொல்லை மட்டும் மாற்றினாள். ஆபரேட்டர் இருந்த இடத்தில் மேலாளர். 'லெ திரெக்தேர் ஓரே கூப்பே லாலார்ம்.'

"படிங்க சார்."

மொஸ்யே அலட்சியமாகத் தொடங்கினார். "மேலாளர்… அலாரத்தை… அணைத்…"

அங்கேயே நின்றுவிட்டார். அவர் கண் மெதுவாக மேலாளர் பக்கம் போய்த் திரும்பியது. கழுத்துத்துணியின் முடிச்சைத் தளர்த்தினார்.

"அணைத்… அணைத்ததாகச் சொல்லப்படுகிறது," என்றார்.



அக்காவுக்கு அந்த ஒரு கணம் வரைக்கும் அவர் வெறும் பிரெஞ்சு தெரியாதவர். பாவம், மக்கு, ஆறு வாரப் படிப்பு என்றுதான் நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிந்தது, மனுஷனுக்கு பிரெஞ்சு தெரியும். பயம் வந்தால் நன்றாகவே தெரியும். இதைத் தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்துவிட்டிருப்பாள்.

"அப்படியா சார்?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "மேலாளரா இருந்தா 'சொல்லப்படுகிறது'. ஆபரேட்டரா இருந்தா 'அணைத்துவிட்டு'. ஆள் மாறினா பிரெஞ்சு இலக்கணம் மாறுமா? நம்ம தமிழ்ல இதுக்கு இவ்வளவு நீட்டவே வேண்டாம். ஒரே ஒரு 'ஆம்' போதும். அணைத்தாராம். பார்த்தவன் 'அணைத்தார்'னு சொல்வான். கேட்டவன் 'அணைத்தாராம்'னு சொல்வான். நீங்க அந்த 'ஆம்'மைத் தூக்கிட்டு ஒரு ஆளோட வேலையைத் தூக்கப் பாத்தீங்க."

"இது… அச்சுப்பிழை மாதிரி…" என்று மொஸ்யே இழுத்தார்.

"அச்சடிக்கறது நான் சார். பிழை என்கிட்டேர்ந்து வரல."

பிறகு கதவு வாக்கியத்தையும் எழுதிக் காட்டினாள். ரப்பர் மாற்றக் கேட்டுத் தான் டைப் அடித்த நான்கு கடிதங்களின் தேதியையும் சொன்னாள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. வக்கீல் அம்மா பேனாவை மூடிவிட்டு, "வெளியே ஒரு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கிட்ட இது போகட்டும். அதுவரைக்கும் யார் மேலயும் எந்த முடிவும் இல்ல," என்றார். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே போகும்போது மொஸ்யேவுக்காகக் கதவைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை அவர். இத்தனை நாள் கூட்டாளிகள்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சின்னவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

"எல்லார் முன்னாடியும் என் குணத்தைப் பத்திப் பேசாம இருந்திருக்கலாம் அண்ணி."

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு மதியம் நீ எங்க இருந்த?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "அலாரத்தை நான் தொடவே இல்ல, சத்தியமா. அது செத்து ஏழு மாசம் ஆச்சு."

"நான் அலாரத்தைக் கேக்கல."

"டீ குடிக்கப் போனேன். பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?"

"பேசிக்கிட்டு இருந்துட்டேன் அண்ணி. ஒண்ணரை மணி நேரம் இருக்கும். நான் மட்டும் உள்ள இருந்திருந்தா கதவு திறந்துக்கிட்டதை உடனே பார்த்திருப்பேன், அதான் என் கெட்ட நேரம்."

அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி என்ற ஒன்றைத் தேடிப் பார்த்தாள். அங்கே அப்படி எதுவும் குடியிருக்கவில்லை. இவனுக்காகவா எழுந்து நின்றோம்? அப்படி நினைக்கும்போதே, எழுந்து நின்றது சரி என்பதும் தெரிந்தது. போனான் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்த்தவர் யாரும் அந்தக் கடிதத்தில் இல்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால், உண்மையே வந்து நின்றாலும் அது பொய்தான்.

"நாளைக்குக் காலையில வக்கீல் அம்மாகிட்டப் போய் இதை நீயே சொல்ற," என்றாள்.

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? இப்பத்தானே காப்பாத்தினீங்க!"

"நான் உன்னைக் காப்பாத்தல. இல்லாததை உன் தலையில கட்டினாங்க, அதை இறக்கி வச்சேன். இருக்கறதை நீதான் சுமக்கணும். நீ போகலைன்னா பத்து மணிக்கு நான் போவேன். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிடுவேன்."

அவன் போனான். பயந்துகொண்டே போனான், ஆனாலும் போனான். இரண்டு வாரம் வேலையில்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. சரியான மொழிபெயர்ப்பு வந்த பிறகு கதவும் அலாரமும் மேலாளர் தலையில் விழுந்தன. அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களை அனுப்புவதற்கென்றே ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு இடம் இருக்கும். மொஸ்யே உடம்பு சரியில்லை என்று நீண்ட விடுப்பில் போனார். சின்னவன் ஒரு மாதம் அண்ணியோடு பேசவில்லை. வீடு இத்தனை நிம்மதியாக இருந்து வருஷக்கணக்காகிறது என்று அவள் கணவர்கூடச் சொன்னார்.

புது மேலாளர் சிரித்த முகத்தோடு வந்தார். முதல் வாரமே அவளைக் கூப்பிட்டு, "கடிதமெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்களேன், டைப்போட சேர்த்து. உங்களுக்குத்தான் நல்லா வருதே," என்றார்.

"செய்யலாம் சார். உத்தரவு எழுத்துல கொடுங்க. மொழிபெயர்ப்பாளர்னு போட்டு."

"அதெல்லாம் ஃபார்மாலிட்டி. நடுவுல நடுவுல பார்த்துக்கொடுத்தா போதும்."

"நடுவுல ஒரு தடவை பார்த்ததுக்கே சார் பழைய மேலாளர் மாறிப்போனாரு."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. யோசிக்கிறேன் என்றார். தாய் நிறுவனத்திலிருந்து அடுத்த கடிதம் வந்தது. அது அவர் மேசையில் ஒன்பது நாள் கிடந்தது. தினமும் அதை எடுத்துப் பார்ப்பார், புரட்டுவார், வைப்பார். இடையில் அவசரம் என்று சிவப்பு முத்திரையோடு இன்னொன்றும் வந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரக்கு ரசீதுகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் காலை கைப்பட எழுதிய ஒரு தாள் அவள் மேசைக்கு வந்தது. அவளை மொழிபெயர்ப்பாளராக நியமிக்கும் உத்தரவு. நாலு வரியில் மூன்று எழுத்துப்பிழை. திருத்தி, இரண்டு நகல் வைத்து, சுத்தமாக டைப் அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினாள்.